இறுதி ஆட்டத்துக்கு ஒரு பயணம்: திருவனந்தபுரத்தில் கற்ற செலவுக் கணக்கு

2015 டிசம்பர் 31. தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வாகையர் போட்டி திருவனந்தபுரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆண்டின் கடைசி நாளான அன்று அரையிறுதி ஆட்டங்கள். இந்தியா மாலத்தீவை 3-2 என்று வென்றது. ஆப்கானிஸ்தான் இலங்கையை 5-0 என்று வென்றது. இறுதி ஆட்டம் ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. இடையில் இருந்தவை இரண்டே நாட்கள்; அவற்றுள் ஒன்று புத்தாண்டு நாள்.

அன்றிரவு எங்கள் ஐவரிடையே தொலைபேசி ஓயவில்லை. மூவர் நாகர்கோவிலில் இருந்தோம், இருவர் சென்னையில். சென்னை நண்பர்களில் ஒருவர், போட்டியின் நாள் தெரிந்தவுடனேயே அனந்தபுரி விரைவு வண்டியில் படுக்கை வசதியை முன்பதிவு செய்து வைத்திருந்தார். "இந்தியா இறுதிக்கு வருமோ வராதோ, அதற்குள் எதற்குப் பணத்தை முடக்க வேண்டும்?" என்பது மற்றவரின் கட்சி. முன்னவர் ஜனவரி 2 மாலை நிம்மதியாக வண்டி ஏறினார். பின்னவர் புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தில் தனியார் பேருந்து ஒன்றில், வழக்கமான கட்டணத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்து, முழங்காலை மடக்க இடமின்றி நாகர்கோவில் வந்து சேர்ந்தார்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமைக் காசாளர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு அவரிடம் எப்போதும் இருக்கும். இருவரின் செலவையும் அதில் அருகருகே எழுதி, ஒன்றும் சொல்லாமல் எங்களிடம் நீட்டினார். தன் அணியைப் பின்தொடர்ந்து வெளியூர் செல்லும் ரசிகர் எந்தச் செலவை எப்போது செய்ய வேண்டும் என்ற கேள்வி அந்தப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்குள் தொடங்கியது. அதற்குப் பின் சென்ற சில பயணங்களையும் சேர்த்து, நாங்கள் கண்டுகொண்டதை வாசகர்களுக்கு இங்கே விளக்க முற்படுகிறோம்.

பயணியை வரவழைக்கப் பிறந்த ஆட்டம்

விளையாட்டையும் சுற்றுலாவையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் என்றால் அமெரிக்கர்களை முதலில் சொல்ல வேண்டும். அங்கே கல்லூரி அணிகள் ஆடும் கால்பந்து நம்முடையது போன்றதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பருவம் முடிந்தபின் டிசம்பர் இறுதியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் ‘பவுல்’ என்ற பெயருடன் சிறப்பு ஆட்டங்கள் நடைபெறும். கிண்ணம் போன்ற வடிவுடைய அரங்கிலிருந்து வந்த பெயர் அது. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1902 புத்தாண்டு நாளில் மிச்சிகன், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்கள் மோதியதே இவற்றுக்கு முன்னோடி. மிச்சிகன் 49-0 என்று வென்றது. ஆட்டத்தை நடத்தியது அந்நகரின் ரோஜா மலர் விழாக் குழு. கிழக்கு மாநிலங்கள் பனியில் உறைந்து கிடக்கும்போது இங்கே வெயிலும் பூக்களும் இருக்கின்றன என்று காட்டி, மக்களைத் தம் ஊருக்கு அழைப்பதே அவ்விழாவின் நோக்கம். 1930களில் மயாமி, நியூ ஆர்லியன்ஸ், டல்லஸ் போன்ற தென் நகரங்களும் இதே வழியில் இறங்கின.

பெரும்பாலான பவுல் ஆட்டங்கள் இரு அணிகளுக்கும் சொந்த ஊரல்லாத இடத்தில் நடப்பவை. எந்தெந்த அணிகள் ஆடும் என்பது வழக்கமாக டிசம்பர்த் தொடக்கத்தில் தெரியவரும். அதன் பிறகு அந்த ரசிகருக்குப் பயணத்தைத் திட்டமிட ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்கள் கிடைக்கும். நம் ஊர்ப் போட்டிகளில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையே இரண்டு மூன்று நாட்களே கிடைக்கின்றன. ஆகவே நம் ரசிகருக்குக் கணக்கு இன்னும் கடினம்.

திருவனந்தபுரத்திலும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் இருந்தார். பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த கர்னல் கோதவர்ம ராஜா, அதாவது ஜி.வி. ராஜா. கேரள விளையாட்டு மன்றத்தின் முதல் தலைவர் அவர். கோவளம் கடற்கரையை வெளிநாட்டார் அறியும் சுற்றுலாத் தலமாக்க முனைந்தவரும், திருவனந்தபுரத்தில் விமானப் பயிற்சிக் கழகத்தை அமைத்தவரும் அவரே. 1971இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 13 கேரளத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பல்கலைக்கழக மண்ணில் இரண்டு அரங்குகள்

கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரம் வெளியூர் என்று தோன்றுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை அதுவே நம் தலைநகரம். மருத்துவத்துக்கும் சாலைக் கடைத்தெருவில் மொத்தச் சரக்கு எடுப்பதற்கும் போவது போலவே, களியக்காவிளையைக் கடந்து பந்தாட்டம் பார்க்கப் போவதும் இங்கே பழைய வழக்கம். எல்லைக்கு இப்புறம் தூத்தூர், வள்ளவிளை, அப்புறம் பொழியூர். இந்தக் கடலோர ஊர்களின் மணலில் மாலை வேளைகளில் பந்து உருளாத நாள் குறைவு.

அந்நகரில் பன்னாட்டுக் கிரிக்கெட் நடந்த இரண்டு அரங்குகளும் பல்கலைக்கழக மண்ணில் இருப்பவை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பாளையத்துக்கு அருகிலுள்ள பழைய அரங்கம் கேரளப் பல்கலைக்கழகத்துக்கே உரியது. பெயரே பல்கலைக்கழக அரங்கம். காரியவட்டத்தின் புதிய அரங்கம், அதே பல்கலைக்கழக வளாகத்தில் 36 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று எழுப்பப்பட்டது. வடிவமைத்தல், கட்டுதல், இயக்குதல், பின்னர் ஒப்படைத்தல் என்ற முறையில் தனியார் முதலீட்டைக் கொண்டு அமைந்த அரங்கம் இது. 2015 ஜனவரி 31 அன்று 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா இங்கேதான் நடந்தது.

பழைய அரங்கில் 1984 அக்டோபர் 1 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் ஆட்டம் மழையால் முடிவின்றிப் போயிற்று. 1988 ஜனவரி 25 அன்று மேற்கிந்தியத் தீவுகள் அணி அங்கே ஆடியது. நம் ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் எடுத்தார். எனினும் வென்றது மேற்கிந்தியத் தீவுகளே, அதுவும் 9 விக்கெட் வித்தியாசத்தில். அண்ணாச்சி அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். தோல்வியைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஸ்ரீகாந்த் அடித்த ஓர் அடியைக் குறித்து மட்டும், கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இருபது முறையாவது எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

வங்கி இதழில் பந்தாட்டம் எதற்கு என்று எவரேனும் கேட்டால், அதற்கும் விடை இந்நகரிலேயே இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், தேசியக் கால்பந்து லீகில் ஆடிய அணியை வைத்திருந்தது. சென்னையில் இந்தியன் வங்கி அணியும் அத்தகைய பெருமை பெற்றதே. பகலில் பேரேடு, மாலையில் பந்து என்று வாழ்ந்த தலைமுறை ஒன்று நம் வங்கிகளில் இருந்தது.

மூன்று வகைப் பணம்

இனி அண்ணாச்சியின் குறிப்பேட்டுக்கு வருவோம். ரசிகர் செலவிடும் தொகையை அவர் மூன்று பத்திகளாகப் பிரித்திருந்தார். திரும்பி வரும் பணம், பிடித்தம் போக வரும் பணம், போனால் வாராத பணம்.

தொடருந்து முன்பதிவு இரண்டாவது வகை. உறுதியான பயணச்சீட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் வளரும். ஒரு கட்டத்துக்குப் பின் ஒன்றும் வாராது. தட்கல் முறையில் எடுத்த உறுதியான சீட்டை நாமே ரத்து செய்தால் பணம் திரும்புவதில்லை. ஆகையால் அது மூன்றாம் வகை. இன்னொன்றும் நினைவில் வேண்டும். 2024 நவம்பர் 1 முதல், முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. தட்கல் பயணச்சீட்டை இணையத்தில் எடுப்பதற்கு 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். கடைசி நாள் காலையில் ஆதாரை இணைக்க முயன்று தவித்தவர்களை நாங்கள் அறிவோம்.

விடுதி அறையில் இரு விலைகள் இருக்கும்: ரத்து செய்ய இயலாத மலிவு விலை ஒன்று, ரத்து செய்யக்கூடிய சற்றே கூடிய விலை ஒன்று. தம் அணி வருமோ வராதோ என்று அறியாத ரசிகர் கூடிய விலையைத் தேர்வதே சரி. அந்தக் கூடுதல் தொகையை முடிவெடுக்க வாங்கும் அவகாசத்தின் விலை என்று கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே பதிவு செய்வதா, அரையிறுதி முடியும்வரை காத்திருப்பதா? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முன்னரே பதிவு செய்தால் பயணத்துக்கும் அறைக்கும் 3,000 ரூபாய் ஆகிறது. அணி தோற்று, எல்லாவற்றையும் ரத்து செய்தால் 600 ரூபாய் இழப்பு. காத்திருந்து கடைசியில் ஏற்பாடு செய்தால் 5,500 ரூபாய். அணி இறுதிக்கு வரும் வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் 3,000இல் பாதியும் 600இல் பாதியும் சேர்ந்து சராசரிச் செலவு 1,800 ரூபாய். இரண்டாம் வழியில் 5,500இல் பாதி, அதாவது 2,750 ரூபாய். வாய்ப்பு பத்தில் ஒன்றுதான் என்றால் கணக்கு தலைகீழாகிறது. முன்பதிவு செய்பவருக்குச் சராசரி 840 ரூபாய், காத்திருப்பவருக்கு 550 ரூபாய். இந்த எண்களின்படி இரு வழிகளும் சமமாகும் இடம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அணி இறுதிக்கு வரும் வாய்ப்பு அதற்கு மேல் என்று நம்புகிறவர் முன்பதிவு செய்யலாம். வாய்ப்பு குறைவு என்று எண்ணுபவர் பொறுத்திருக்கலாம். பேருந்தில் வந்த நண்பர் இந்தியா அரையிறுதியில் வெல்லும் என்று பத்துப் பேரிடம் பந்தயம் கட்டியவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்பிக்கை ஒருபுறமும் பணப்பை மறுபுறமும் இருந்ததுதான் அவருக்கு நேர்ந்த தொல்லை.

இக்கணக்கில் சேராத ஒன்று உண்டு. காத்திருப்பவருக்கு 5,500 ரூபாய் கொடுத்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம். திருவனந்தபுரத்தில் அந்த அச்சம் வீணன்று. கார்த்திகை பிறந்தது முதல் தை முதல் நாள் மகரவிளக்கு வரை சபரிமலை செல்வோர் கூட்டம். நடுவில் கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு. கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் வரும் வெளிநாட்டாருக்கும் அதுவே பருவம். தம்பானூரில் நிலையத்தை ஒட்டிய விடுதிகள் முதலில் நிரம்பிவிடும். அரங்கம் இருப்பதோ நகரின் வடக்கே, தேசிய நெடுஞ்சாலையில், கழக்கூட்டத்துக்கு அருகில். ஆகவே கழக்கூட்டம், டெக்னோபார்க் பகுதியில் அறை தேடுவது அறிவுடைமை. ஆட்டம் முடிந்து வெளியேறும் கூட்டத்தில் அந்தச் சில கிலோமீட்டர்களின் அருமை தெரியும். சென்னையிலிருந்து வருவோருக்கு ஒரு சொல்: அனந்தபுரி மதுரை, நாகர்கோவில் வழியாக வருவது, திருவனந்தபுரம் மெயில் பாலக்காடு வழியாக வருவது. ஒன்றில் இடமில்லாதபோது மற்றொன்றைப் பார்க்க மறப்பவர்கள் பலர்.

சீட்டின் விலையும் காலி இருக்கைகளும்

நுழைவுச்சீட்டு முற்றிலும் மூன்றாம் வகை. ஒரு பந்துகூட வீசப்படாமல் ஆட்டம் கைவிடப்பட்டால் மட்டுமே கிரிக்கெட்டில் வழக்கமாகப் பணம் திரும்பும். ஓரிரு ஓவர்கள் நடந்துவிட்டாலும் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அங்கீகாரம் பெற்ற விளையாட்டுப் போட்டிகளில் 500 ரூபாய் வரையிலான சீட்டுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. அதற்கு மேல் 18 சதவீதம். ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இதன்மேல் உள்ளாட்சியின் கேளிக்கை வரியும் சேரலாம்.

அந்தக் கேளிக்கை வரி 2023இல் பெரும் சர்ச்சையானது. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று காரியவட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆடின. மேல் அடுக்குச் சீட்டு 1,000 ரூபாய், கீழ் அடுக்கு 2,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதச் சரக்கு, சேவை வரியும் 12 சதவீதக் கேளிக்கை வரியும். தொடரை இந்தியா முன்னரே கைப்பற்றியிருந்தது, மகரவிளக்குக்கு மறுநாள், தமிழ்நாட்டிலோ பொங்கல். அரங்கின் பெரும்பகுதி காலியாகவே இருந்தது. அந்தக் காலி இருக்கைகளின் முன்னே கோலி ஆட்டமிழக்காமல் 166 ஓட்டங்களும் கில் 116 ஓட்டங்களும் குவித்தனர். 390 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை 73இல் சுருண்டது. 317 ஓட்ட வித்தியாசம் என்பது ஒருநாள் ஆட்ட வரலாற்றில் அதுவரை எவரும் கண்டிராத வெற்றி. நாங்களும் அன்று போகவில்லை. பொங்கல் பானையின் அருகில் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். ‘எப்படியும் வெல்லப் போகும் ஆட்டம்தானே’ என்று விட்டுவிட்டதற்காக அண்ணாச்சி எங்களை இன்றும் மன்னிக்கவில்லை.

எட்டு ஓவர் ஆட்டமும் எண்பது நிமிட நடையும்

2017 நவம்பர் 7 எங்களுக்கு வேறொரு பாடம் புகட்டியது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் நகரில் நடந்த முதல் பன்னாட்டுக் கிரிக்கெட் ஆட்டம் அது. நியூசிலாந்துடன் இருபது ஓவர் தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றது. இதுவே தீர்மானிக்கும் ஆட்டம். துலா மாத மழை பற்றித் திருவனந்தபுரத்தாரிடம் கேட்டிருந்தால் எச்சரித்திருப்பார்கள். மாலையில் தொடங்க வேண்டியது இரவு ஒன்பதரை அளவில்தான் தொடங்கிற்று. அணிக்கு எட்டு ஓவர்கள். இந்தியா 67, நியூசிலாந்து 61. ஆறு ஓட்டத்தில் வெற்றி. மணிக்கணக்கில் மழையில் நனைந்தும் எவரும் எழுந்து போகவில்லை.

வெளியே வந்தபின்தான் சோதனை. வெல்வதற்கு வேண்டிய ஓட்டங்களையெல்லாம் கணக்கிட்ட நாங்கள், ஊர் திரும்பும் வண்டியைக் கணக்கிடவில்லை. ஆட்டம் குறித்த நேரத்தில் முடிந்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய பேருந்து எப்போதோ போயிருந்தது. நெடுஞ்சாலை முழுதும் மக்கள் வெள்ளம். கைப்பேசியில் வாடகை வண்டியை அழைத்தால் சமிக்ஞை இல்லை. கிடைத்த ஒரு வண்டிக்காரரிடம் செயலி வழியே பணம் செலுத்த முயன்றபோது, எங்கள் கணக்கில் தொகை கழிந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. கையில் போதிய ரொக்கம் இல்லை. அவர் கைகூப்பிவிட்டு வேறு பயணியை ஏற்றிக்கொண்டார். அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஈரச் சட்டையோடு ஏறத்தாழ எண்பது நிமிடம் நடந்த பிறகே ஒரு பேருந்து கிடைத்தது. முன்பதிவு செய்திருந்த விடுதியோ, நள்ளிரவுக்குப் பின் வந்ததால் அறையை வேறொருவருக்குத் தந்துவிட்டதாகச் சொல்லிற்று. நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் விடிந்தது.

அந்த இரவுக்குப் பின் சில வழக்கங்களைக் கைக்கொண்டோம். இரவு ஆட்டம் என்றால் அன்றிரவே ஊர் திரும்புவதாக எண்ணுவதில்லை. அறைக்கான வாடகையைச் சீட்டின் விலையோடு சேர்த்தே எண்ணுகிறோம். தாமதமாக வருவோம் என்பதை விடுதிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலை வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொருவரின் பையிலும், பணப்பையில் அல்லாமல் வேறிடத்தில், 500 ரூபாயும் சில்லறையும் இருக்கும். பல்லாயிரம் கைப்பேசிகள் ஒரே இடத்தில் ஒலிக்கும்போது தரவு இணைப்பு திணறுவது இயல்பே. யுபிஐ லைட் வசதியில் சிறு தொகையை முன்னரே ஏற்றி வைத்தால் இரகசிய எண் இன்றிச் செலுத்தலாம், தோல்விகள் குறையும். ஆனால் அதுவும் ரொக்கத்துக்கு ஈடாகாது.

கணக்கில் கழிந்து, பெறுநருக்குச் சேராத பணம் குறித்து வாடிக்கையாளர்கள் வீணே கலங்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையின்படி, யுபிஐ வழியே தனிநபருக்கு அனுப்பிய தொகை சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகவே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைப்பது மட்டும் நம் பொறுப்பு. எங்களுக்கும் பணம் திரும்பி வந்தது. ஆனால் நள்ளிரவு மழையில் அந்தச் சுற்றறிக்கை குடையாகவில்லை.

கடனும் கள்ளச் சீட்டும்

ஆட்டம் பார்ப்பதற்குக் கடன் வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. வங்கியில் பணியாற்றிய நாங்கள் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்: வேண்டாம். தொண்ணூறு நிமிட மகிழ்ச்சிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை பொருந்தாது. கடன் அட்டையில் முன்பதிவு செய்வதில் தவறில்லை, கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட முடியும் என்றால். அந்த அட்டையால் தானியங்கி இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது வேறு. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் சேரும். எங்கள் ஐவரின் வழி எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் மாதம் 500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் போடத் தொடங்குகிறோம். ஆண்டு முடிவில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். எந்த அணி வந்தாலும் வராவிட்டாலும் அப்பணம் நம்முடையது. போகாத ஆண்டில் அது அடுத்த ஆண்டுக்கு உதவும். சந்தோஷ் கோப்பை இறுதி 2023இல் ரியாத் நகருக்கே போனதைப் போல எங்கேனும் தொலைவில் நடந்தால், இரண்டாண்டுச் சேமிப்பும் போதாதுதான்.

பெரிய ஆட்டம் நெருங்கும்போது முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ‘என்னிடம் இரண்டு சீட்டுகள் மிச்சம்’ என்ற செய்திகள் முளைக்கும். ஒரே சீட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு விற்பது பழகிய தந்திரம். வாயிலில் முதலில் வருடப்பட்டவரே உள்ளே செல்வார். மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். பணம் ‘பெறுவதற்கு’ இரகசிய எண்ணை உள்ளிடச் சொல்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரரே. அந்த எண் பணம் செலுத்துவதற்கு மட்டுமே உரியது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை இடைமறித்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

ஜனவரி 3, ஞாயிறு

அன்று காலை நாகர்கோவிலில் ஐவரும் ஒன்றுகூடித் தொடருந்தில் ஏறினோம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். குழித்துறை தாண்டியதும் பெட்டியில் தமிழும் மலையாளமும் கலந்தன. பாறசாலையில் ஏறிய இளைஞர் கூட்டம் முகத்தில் மூவண்ணம் பூசியிருந்தது. காரியவட்டத்தில் பிற்பகலிலேயே வரிசை நீண்டிருந்தது.

2013இல் காத்மாண்டுவில் நடந்த இறுதியில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டு சென்றது இதே ஆப்கானிஸ்தான்தான். எழுபதாம் நிமிடத்தில் சுபைர் அமீரி பந்தை வலைக்குள் செலுத்தியபோது அரங்கம் சட்டென்று அடங்கிற்று. பேருந்தில் வந்த நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் இழக்கவிருந்தது ஓர் ஆட்டம் மட்டுமன்று, இருமடங்கு கட்டணமும் கூட. இரண்டே நிமிடங்களில் ஜேஜே லால்பெக்லுவா சமன் செய்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 101ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்த பந்து உள்ளே புகுந்தது. 2-1. தெற்காசியக் கோப்பை இந்தியாவுக்கு ஏழாம் முறையாக வந்தது.

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் எங்களைச் சுற்றி எவரும் அமர்ந்திருக்கவில்லை. அண்ணாச்சியும் எழுந்து நின்றார்; மூட்டு வலியால் படியேற மறுத்துக் கீழ் வரிசை கேட்டு வாங்கியவர் அவர். வெளியே வந்து தேநீர்க் கடையில் ஒதுங்கியபோது குறிப்பேட்டைத் திறந்து, அன்றைய செலவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தொடருந்து, நுழைவுச்சீட்டு, சோறும் மீன்குழம்பும், ஆட்டோ. பேருந்தில் வந்த நண்பரின் பெயருக்கு எதிரே இருந்த தொகையைப் படிக்கும்போது மட்டும் சற்று நிறுத்தினார்.

"இதை எந்தப் பத்தியில எழுத அண்ணாச்சி, போனா வாராததா?" என்று நண்பரே கேட்டார்.

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, தேநீருக்கான ஐவரின் பணத்தையும் தாமே கொடுத்தார். மறுநாள் திங்கள். காலை பத்து மணிக்கு எங்களில் இருவர் கிளையில் இருந்தாக வேண்டும். ஆகவே முதல் வண்டியைப் பிடிக்க நான்கு மணிக்கு எழுப்புமாறு விடுதிக் காவலரிடம் சொல்லிவிட்டுப் படுத்தோம்.